மலைத் தயிர்க்காரர் யுத்தம்

போன வாரம் என் கடைசிப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டோடு வந்தாள். 'அப்பா நேரில் வரவும்.'

போனேன். டீச்சர் அவளுடைய கட்டுரை நோட்டை என் முன்னால் விரித்து வைத்தார். 'உலக மக்கள்' என்று தலைப்புக் கொடுத்து, ஆளுக்கு ஒரு தேசத்து மக்களைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் சீனாக்காரர், ஜப்பான்காரர் என்று ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள். என் பெண்?

'குர்து மக்கள் மலையில் வாழ்கிறார்கள். அவர்கள் தொழில் தயிர் விற்பது. தங்கள் தயிருக்காக அவர்கள் பெரிய யுத்தம் செய்தார்கள்.'

'தயிர்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் பெரிய கேள்விக்குறி.

"இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு சார்? கேட்டா, எங்கப்பா சொன்னாவன்னு சொல்லுதா."

"அது ஒரு அச்சுப்பிழை டீச்சர்."

பொய் இல்லை. அச்சுப்பிழைதான். ஆனால் அது நடந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது... செய்தவனும் நான்தான்.

பிள்ளைகளே, இந்த வாரம் நம் சிறுவர் பத்திரிகையில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் டீச்சர்களும் படிக்கட்டும்.

முதல் ஜெர்மன் சண்டை வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. எனக்கு இருபது வயது. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பாளையங்கோட்டையில் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிற வேலையில் இருந்தேன். ஈயத்தில் வார்த்த குட்டிக் குட்டி எழுத்துகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்க வேண்டும். எழுத்து இடவலம் மாறித் தெரியும். நாலு வருஷம் இதைச் செய்தால் ஒரு வியாதி வரும்: எதைப் பார்த்தாலும் பிழை தேடுகிற வியாதி. கடைப் பலகையில் தேடுவேன். கல்யாணப் பத்திரிகையில் தேடுவேன். கல்லறைத் தோட்டத்தில் சொந்தக்காரரை அடக்கம் செய்யும்போதுகூட, பக்கத்துக் கல்லில் ஒரு 'ர' இருக்க வேண்டிய இடத்தில் 'ற' இருக்கிறதே என்று நின்றிருக்கிறேன்.

அந்த அச்சாபீசுக்கு நோட்டீஸ் அடிக்க வந்தார் சுடலைமுத்து அண்ணாச்சி. கருப்பட்டி வியாபாரத்தை விட்டுவிட்டு ஒரு பயாஸ்கோப்பு மெஷின் வாங்கி, டென்டை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரை ஊர்களாகச் சுற்றிக்கொண்டிருந்தவர். அந்த மெஷின்தான் அவருக்கு எல்லாம். மனைவி பிள்ளைகள் ஊரில்; மெஷின் எப்போதும் கூடவே. தூங்கும்போதும் அதன் மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவார்.

அந்தக் காலத்துப் படம் பேசாது என்பது உங்களுக்குத் தெரியுமா? நடுநடுவே இங்கிலீஷில் இரண்டு வரி வரும், போய்விடும். ஜனங்களுக்கு என்ன புரியும்? அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒரு கம்போடு ஓர் ஆள் நின்று கதை சொல்வான். அண்ணாச்சியிடம் இருந்த கதை சொல்கிறவன் கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டான்.

"ஏலே செல்லையா, நீ இங்கிலீஸ் வாசிப்பியா?"

"வாசிப்பேன் அண்ணாச்சி."

வாசிப்பேன்தான். அர்த்தம் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாளே வேலையை விட்டுவிட்டு அவர் வண்டியில் ஏறிவிட்டேன்.

ஏரலில் டென்ட் போட்டோம். தாமிரபரணி மணலில், தண்ணீருக்குப் பத்தடி தள்ளி. அடுத்த படம் மதராசிலிருந்து ரயிலில் வர வேண்டும். அதற்கு முன்னால், படத்தைப் பற்றி நாலு வரி அச்சடித்த ஒரு சீட்டு தபாலில் வந்தது. அதை வைத்துத்தான் நான் நோட்டீஸ் தயார் செய்ய வேண்டும்.

எழுத்துக் கூட்டினேன். மலை தெரிந்தது. யுத்தம் தெரிந்தது. சுதந்திரம் தெரிந்தது. யாருடைய யுத்தம் என்கிற இடத்தில் ஒரு சொல். கே, யு, ஆர், டி, எஸ்.

கர்ட்ஸ்.

எங்கேயோ படித்த சொல்லாக இருக்கிறதே... ஆமாம், பள்ளிக்கூட ரீடரில். மில்க், கர்ட், பட்டர். பால், தயிர், வெண்ணெய். ஆனால் அதில் முதல் எழுத்து சி அல்லவா? இவன் கே போட்டிருக்கிறான். மதராஸ் அச்சாபீஸ்காரனும் எழுத்துப் பிழை விடுகிறானே என்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? பேனாவை எடுத்துக் கேயை அடித்து சி என்று திருத்தினேன். பிறகு நோட்டீஸ் எழுதினேன்:

'மலைத் தயிர்க்காரர் சுதந்திர யுத்தம்.'

அண்ணாச்சி படிக்கச் சொல்லிக் கேட்டார். தயிருக்குத் தலையாட்டினார். அடுத்த சொல்லுக்கு அவர் முகம் மாறிப்போயிற்று.

"அந்த வார்த்தைய எடுத்துருலே."

"எதை அண்ணாச்சி?"

"எதுன்னு ஒனக்குத் தெரியும். வாயால சொல்லாத. பைய எடுத்துரு."

எனக்கும் தெரியத்தான் செய்தது. எங்கள் ஜில்லாவில் அந்த வருஷங்களில் அந்தச் சொல்லை உரக்கச் சொன்னவர்கள் ஜெயிலில் இருந்தார்கள். நாலு பேர் கூடி நின்றாலே போலீஸ் வந்து என்ன என்று கேட்கும்.

பாளையங்கோட்டைக்குப் போய் நானே எழுத்துக் கோத்தேன். அந்தச் சொல்லை எடுத்ததும் வரியின் நடுவில் பொக்கைவாய் போல ஓர் இடைவெளி. பார்க்கச் சகிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த ஒரு பூ அச்சை எடுத்து அந்த இடத்தில் செருகினேன். மலைத் தயிர்க்காரர், ஒரு பூ, யுத்தம்.

ஏரல் சந்தையில் தமுக்கடித்து நோட்டீஸ் கொடுத்தோம். பிற்பகலில் ஏட்டையா டென்டுக்கே வந்துவிட்டார். ஏட்டையா என்றால் ஹெட் கான்ஸ்டபிள். நல்ல உயரம். தலைப்பாகை இன்னும் ஒரு முழம் உயரம். கையில் எங்கள் நோட்டீஸ்.

"யுத்தம்னு போட்டிருக்கு. யாருக்கும் யாருக்கும்?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். படப்பெட்டி அன்று காலையில்தான் வந்திருந்தது. ஒரு தரம் ஓட்டிப் பார்க்கவும் நேரம் இருக்கவில்லை.

"தயிர்க்காரங்க யுத்தம் ஏட்டையா" என்றேன்.

"இந்தப் பூ எதுக்கு?"

"அழகுக்கு."

அவர் பூவை உற்றுப் பார்த்தார். அதை விரலால் சுரண்டிக்கூடப் பார்த்தார். பிறகு, மேலப்பாளையத்திலிருந்து சந்தைக்குத் துணி கொண்டுவந்திருந்த ஹாஜியார் பக்கத்தில் நிற்பதைக் கண்டு திரும்பினார். ஹாஜியார் கப்பலில் பல ஊர் போய்வந்தவர் என்பது அந்த வட்டாரத்துக்கே தெரியும்.

"ஹாஜியாரே, நீரு ஊரு ஒலகம் சுத்துனவரு. இது என்ன படம்னு சொல்லும்."

ஹாஜியார் நோட்டீசைப் பார்த்தார். மேஜையில் கிடந்த இங்கிலீஷ் சீட்டையும், அதில் நான் அடித்துத் திருத்திய எழுத்தையும் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"தயிருப் படந்தான். அதான் போட்டிருக்குல்லா."

ஏட்டையா போகுமுன் மெஷின் மேல் தன் தடியை வைத்துச் சொன்னார்: "நானும் முன்னால உக்காந்து பாப்பேன். சர்க்காருக்கு எதிரா ஒரு வார்த்தை காதுல விழுந்தாப் போதும், இதைத் தூக்கிட்டுப் போயிருவேன். உங்க ரெண்டு பேரையும் சேத்துத்தான்."

அவர் போன பிறகு அண்ணாச்சி தடி பட்ட இடத்தைத் துண்டால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

சாயந்திரம் டென்ட் நிரம்பியது. நடுவில் கட்டிய துணிக்கு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். பெண்கள் பக்கம் எட்டிப் பார்த்தவன் திகைத்துப் போனேன். இருபது தயிர்க்காரிகள். அக்கரை ஊர்களிலிருந்து தினமும் காலையில் ஆற்றில் இறங்கி நடந்து வந்து தயிர் விற்பவர்கள். வீட்டுக்குத் திரும்புகிற வழியில், காலிப் பானைகளோடு அப்படியே வந்து மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி மாதிரி முன்னால் இருந்தவள் இசக்கியம்மாள்.

அவர்களுக்கும் ஏட்டையாவுக்கும் தினமும் ஒரு கணக்கு உண்டு. காலையில் ஆற்றுத் துறையில் மருத மரத்தடியில் அவர் ஒரு செம்போடு உட்கார்ந்திருப்பார். 'தண்ணி கலந்திருக்கான்னு பாக்கணும்' என்று பானைக்குள் செம்பை விடுவார். நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் தெரியாதா? தெரியாதாம். செம்பு நிறையப் பார்த்தால்தான் தெரியுமாம்.

திரைத்துணி மேல் ஆற்றுத் தண்ணீரை இறைத்து நனைத்தேன். அப்போதுதான் படம் பளிச்சென்று தெரியும். அண்ணாச்சி மெஷினைக் கையால் சுற்ற ஆரம்பித்தார்.

மலை. மலைக்கு மேல் மலை. உச்சியெல்லாம் வெள்ளை வெளேரென்று பனி.

"ஏட்டி, மலையில தயிரு ஊத்தின மாதிரில்லா இருக்கு" என்றாள் ஒருத்தி.

பெரிய தலைப்பாகை கட்டிய ஆட்கள் வந்தார்கள். தொளதொள என்று கால்சட்டை. தோளில் துப்பாக்கி. செம்மறி ஆடுகள். மறுபடி துப்பாக்கி. தயிர் எங்கே? ஐந்து நிமிஷமாகத் தயிரைக் காணோம். முன் வரிசையில் ஏட்டையாவின் தலைப்பாகை அசையாமல் இருந்தது.

திடீரென்று ஒரு பெண் வந்தாள். மூன்று கம்புகளை நட்டு, நடுவில் ஓர் ஆட்டுத்தோல் பையைத் தொங்கவிட்டு, அதைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினாள்.

இது என்ன வித்தை? எனக்குத் தெரியவில்லை. இசக்கியம்மாளுக்குத் தெரிந்தது.

"ஏட்டி, தயிரு கடையுதா பாரு. மத்து இல்ல. தோலுல வச்சுக் கடையுதா."

"ஆமாக்கா, வெண்ணெ திரண்டா பைக்குள்ள சத்தம் மாறும்."

என் உயிர் திரும்பி வந்தது. கம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "மலைத் தயிர்க்காரங்க காலையிலயே எந்திரிச்சுக் கடைவாங்க" என்று உரக்கச் சொன்னேன்.

அடுத்த காட்சியில் குதிரைகள் வந்தன. பட்டாளம். ஒரு சிப்பாய் இறங்கி வந்து அந்தப் பையைப் பிடுங்கி வாயில் வைத்துக் குடித்தான். மிச்சத்தை எட்டி உதைத்தான். வெள்ளையாகக் கல்லில் ஓடியது. பெண்கள் பக்கம் இருபது பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. திரையில் அந்தப் பெண் கையை நீட்டி அவனிடம் எதையோ சொன்னாள். உடனே இங்கிலீஷ் எழுத்து வந்தது. நிறைய எழுத்து. அதன் நடுவில், எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த ஒரு சொல்.

நான் பூ அச்சு வைத்து மறைத்த சொல்.

தூக்கிய கம்பை அப்படியே இறக்கிவிட்டேன். பின்னால் மெஷின் சுற்றுகிற சத்தம் தடுமாறியது. அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் என் முதுகைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஏட்டையா திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. முகத்தை வாசிக்கத் தெரியும்.

"ஏலே தம்பி, அந்தப் பொம்பள என்ன சொல்லுதா?" இசக்கியம்மாளின் குரல்.

நான் கம்பைக் கை மாற்றிப் பிடித்தேன்.

"ஒன்னத்தாம்லே. என்ன சொல்லுதா?"

பிள்ளைகளே, அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தயிரைத்தான் பிடித்துக்கொண்டேன். "கேக்காம எங்க பானையில கைய விடாதீங்கன்னு சொல்லுதா" என்றேன்.

ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது.

பிறகு இசக்கியம்மாள் சிரித்தாள். "ஏட்டையா... கேட்டீயளா?"

ஒருத்தி தன் காலிப் பானையில் உள்ளங்கையால் தட்டினாள். பக்கத்தில் இருந்தவளும் தட்டினாள். இருபது பானை. ஊமைப் படத்துக்கு அன்றைக்குச் சத்தம் வந்துவிட்டது. திரையில் மலைக்காரர்கள் பாறைக்குப் பின்னாலிருந்து துப்பாக்கியை நீட்ட, இங்கே பானைகள் அதிர்ந்தன. ஆண்கள் பக்கமும் சிரிப்பு பரவியது.

ஏட்டையா எழுந்து நின்றார். அவருடைய நிழல் திரையில் விழுந்தது. தலைப்பாகையும் தடியுமாக, அந்த மலைக்காரர்களுக்கு நடுவில் பூதம் போல. அண்ணாச்சி மெஷினைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. ஆனால் இன்னொரு கையால் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

ஏட்டையா யோசித்தார். என்ன யோசித்திருப்பார்? சர்க்காருக்கு எதிராக ஒரு வார்த்தை விழவில்லை. பானையில் கை விடாதே என்றுதான் விழுந்தது. இதை எழுதி மேலே அனுப்பினால், யார் பானை, யார் கை என்று கேட்க மாட்டார்களா?

"ஏட்டையா, நெழலு விழுது. உக்காருங்க" என்றார் ஹாஜியார், மிக மரியாதையாக.

உட்கார்ந்துவிட்டார்.

படம் முடிந்தது என்று சொல்ல முடியாது. ரீல் தீர்ந்தது. மலைக்காரர்கள் வரிசையாகப் பனியில் ஏறிப் போகிறார்கள். அந்தப் பெண் மறுபடியும் மூன்று கம்பை நட்டுப் பையைக் கட்டுகிறாள். அவ்வளவுதான். வெறும் வெள்ளைத் துணி.

"ஜெயிச்சாவளா?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

"மிச்சம் அடுத்த பெட்டியில வரும்" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்படி ஒரு பெட்டி வரப் போகிறது என்று யாரும் சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஹாஜியார் வந்தார்.

"தம்பி, அது தயிரு இல்ல. குர்து. அந்த மலைக்காரங்க பேரு. பஸ்ராவுல பாத்திருக்கேன். துறைமுகத்துல மூட்ட தூக்குவாவ. ஒருத்தன் தூக்குத மூட்டைய நம்மாளு நாலு பேரு தூக்கணும். மலையைப் பத்தி யாராவது பேச்செடுத்தா மட்டும் மூட்டைய எறக்கி வச்சுட்டு நின்னுருவாவ."

எனக்குக் காது சுட்டது. "பொறவு அங்கன வச்சே ஏன் சொல்லல ஹாஜியாரே?"

"சொல்லியிருந்தா ஒமக்குத் தயிரும் போயிருக்கும், மெஷினும் போயிருக்கும்."

போகும்போது திரும்பிச் சொன்னார். "சீட்டுல அவன் போட்ட எழுத்து சரிதான் வே. இனிமே அடிக்காதீம்."

மறுநாள் காலை ஆற்றுத் துறைக்குப் போனேன். எனக்கு அங்கே என்ன வேலை? வேடிக்கை பார்க்கத்தான். மருத மரத்தடியில் ஏட்டையா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செம்பு. தயிர்க்காரிகள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து கரையேறினார்கள். இசக்கியம்மாள் வழக்கம்போலப் பானையை இறக்கி வைத்து, மூடியிருந்த இலையை எடுத்தாள்.

"சோதன பண்ணலியா ஏட்டையா?"

அவர் ஆற்றைப் பார்த்தார். "போளா. நல்ல தயிருதான்."

அவள் போகவில்லை. அகப்பையை எடுத்து, பானையிலிருந்து அள்ளி, அவர் செம்பில் ஊற்றினாள். பாதிச் செம்பு.

"இது நானா ஊத்துதது. குடிங்க."

பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். மற்றவர்கள் யாரும் இறக்கவே இல்லை. வரிசையாகப் போனார்கள். ஏட்டையா அந்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் குடிக்காமல் இருந்தார்.

இது எத்தனை நாள் நீடித்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நாங்கள் அங்கே இருந்த எட்டு நாளும் அவர் எந்தப் பானையிலும் செம்பை விடவில்லை. ஒன்பதாம் நாள் டென்டைப் பிரித்து வண்டியில் ஏற்றினோம். அண்ணாச்சி மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படப்பெட்டி மதராசுக்குத் திரும்பிப் போயிற்று.

அந்தப் படத்தை நான் மறுபடி பார்க்கவில்லை. என் வயதுக்காரர்கள் பலரிடம் விசாரித்திருக்கிறேன். ஒருவருக்கும் தெரியவில்லை. யார் எடுத்தது, எங்கே எடுத்தது... ஒன்றும் தெரியாது. சில சமயம் சாப்பாட்டில் மோர் ஊற்றும்போது அந்த மலையும், ஆட்டுத்தோல் பையும், ஈர மணல் வாசனையும் நினைவுக்கு வரும். இருபது பானைச் சத்தமும் வரும். அப்படியே இலையில் கை வைத்தபடி உட்கார்ந்துவிடுவேன். என் பிள்ளைகள் 'அப்பா ஏரலுக்குப் போயிட்டாவ' என்று கேலி செய்வார்கள்.

பிறகு நான் அச்சாபீசுக்கே திரும்பினேன். நம் தேசத்துக்குச் சுதந்திரம் வந்த அன்று எங்கள் ஊர் விழா நோட்டீசுக்கு நானே எழுத்துக் கோத்தேன். அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில், நட்ட நடு வரியில். பூ வைக்கவில்லை. இடம் இல்லை என்று இல்லை. தேவைப்படவில்லை.

டீச்சரிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'தயிர் விற்பது' என்பதை அடித்து 'ஆடு மேய்ப்பது' என்று திருத்தினார். யுத்தம் தயிருக்காக என்கிற வரியை அடிக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, பேனாவை மூடிவிட்டார்.

என் பெண் அட்லசைக் கொண்டுவந்தாள். "எங்க இருக்குப்பா அவங்க தேசம்?" மூவரும் குனிந்து தேடினோம். பெயர் இருக்கிறது, பிள்ளைகளே. அதே கே எழுத்தில் தொடங்கி, மூன்று நாலு தேசங்களுக்கு மேல் எழுத்தெழுத்தாகத் தள்ளித் தள்ளி அச்சடித்திருக்கிறார்கள். சுற்றிலும் எல்லைக்கோடு மட்டும் இல்லை.

"அப்போ அவங்க ஜெயிக்கலியாப்பா?"

இசக்கியம்மாளுக்கு நான் சொன்ன அந்த அடுத்த பெட்டி இன்னும் வந்து சேரவில்லை.